பழக்கமே இல்லாத இசைக்குள் எப்படி நுழைந்தீர்கள்? ஒரு பாட்டு, அதில் கவனிக்க வேண்டிய இடம் சொல்லுங்கள்

நொய்யல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பம்ப் தயாரிக்கும் பட்டறை ஒன்றில் அசெம்பிளி பிரிவில் இருக்கிறேன். மெஷின் ஷாப் மாதிரி எங்கள் பிரிவில் பெரிய சத்தம் கிடையாது, அதனால் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆளுக்கு அரை மணி நேரம், முறை வைத்து அவரவர் போனிலிருந்து பாட்டுப் போடுவோம். என் முறை வந்தால் இளையராஜா, வேறு பேச்சே இல்லை, அதுவும் எண்பதுகள். ஃபோர்மேன் அண்ணன் நாகஸ்வரம் போடுவார். சென்னையிலிருந்து வந்த தம்பி கானா போடுவான். பேக்கிங்கில் இருக்கிற அக்காவின் மகன் விடுமுறைக்கு வேலைக்கு வருகிறான், அவனுக்கு ராப் தவிர எதுவும் காதில் ஏறாது. பீகார் தம்பிகள் இரண்டு பேர், அவர்களுக்கு போஜ்புரி.

பிரச்சினை என்னவென்றால், ஒருவர் முறை வந்ததும் மற்றவர்கள் எல்லோரும் இயர்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நானும்தான். ஒரே மேசையைச் சுற்றி நின்று இம்பெல்லர் மாட்டுகிறோம், ஆளாளுக்கு ஓர் உலகத்தில் இருக்கிறோம். எனக்கு இது பிடிக்கவில்லை.

நான் ராஜா பாட்டு எப்படிக் கேட்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பாடுபவர் குரலை விட எனக்குப் பின்னணியில் பேஸ் கிட்டார் போகும் வழிதான் முக்கியம். 1982இல் வந்த 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அந்த ஆரம்பக் கிட்டாரைச் சொல்வார்கள், நான் அடியில் பேஸ் தனக்கென்று ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைத்தான் பின்தொடர்வேன். இடையிசை வரும்போது வயலின்கள் எங்கே உள்ளே வருகின்றன, எங்கே விலகுகின்றன என்பது எனக்கு மனப்பாடம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆனால் நாகஸ்வரத்தில் எதைப் பின்தொடர வேண்டும் என்று தெரியவில்லை. ராப்பில் எதைப் பிடித்துக்கொள்வது? கானாவில்?

அதனால் கேட்கிறேன். 'எல்லா இசையும் நல்ல இசைதான்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்கு உயிரான இசையிலிருந்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதில் எந்த இடத்தில் காது வைக்க வேண்டும், ஏன் என்று சொல்லுங்கள். நான் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கிறேன்.


தெற்குவீதி எழுதியது:

நொய்யல், உங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பட்டறையில் நாகஸ்வரம் போடுகிற மனிதர் அபூர்வம்.

நாகஸ்வரத்தைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் காதைக் குத்தும். அது வாத்தியத்தின் குற்றம் இல்லை. ஆச்சா மரத்தில் கடைந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளி வைத்து, நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம் அது. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் இன்றும் கையால் செய்கிறார்கள், 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திறந்த வெளியில் இருபது முப்பது அடி தள்ளி நின்று கேட்டால் அந்தக் கூர்மை கரைந்து ஒரு கனம் வரும், அதுதான் அதன் உண்மையான குரல். வீட்டில் கேட்பதானால் ஸ்பீக்கரைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன்.

ஒன்றே ஒன்று என்றால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. 1898இல் பிறந்து 1956இல் மறைந்த மனிதர். தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர், ஒலிப்பதிவாக நமக்கு மிஞ்சியது கொஞ்சம்தான், அதுவும் பழைய இசைத்தட்டு என்பதால் இரைச்சல் இருக்கும். பரவாயில்லை, போடுங்கள். நீங்கள் பேஸைப் பின்தொடர்கிறவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: முதலில் நாகஸ்வரத்தை விட்டுவிட்டு ஒத்தைக் கேளுங்கள். பின்னால் மாறாமல் ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டே இருக்கும் குழல் அது. அந்த ஒரு சுரத்தில் காது நிலைத்ததும், நாயனம் அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறது, எப்போது திரும்பி வந்து சேர்கிறது என்று பாருங்கள். ராகத்தை மட்டும் விரித்து வாசிக்கிற ஆலாபனையில் தாளம் கிடையாது, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் சினிமாப் பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பிடிமானம் அந்த ஒத்தில் இருக்கிறது. தோடியில் காந்தாரம், அதாவது 'க' என்ற சுரம், ஒரே இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும், பிள்ளைவாள் அந்த அசைவை இழுத்துக்கொண்டே போய் ஒரு நொடி அப்படியே நிறுத்துவார். அந்த இடத்துக்காகக் காத்திருங்கள்.

இது கஷ்டமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் 'சிங்காரவேலனே தேவா', ஆபேரி ராகம். ஜானகி அம்மாவின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும். குரல் ஒரு சங்கதி சொல்ல, நாயனம் அதையே திருப்பிச் சொல்லும், அப்புறம் இரண்டும் சேர்ந்து ஓடும். எது குரல் எது குழல் என்று பிரிக்க முடியாத சில நொடிகள் அதில் இருக்கின்றன. காருகுறிச்சியாரும் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர்தான்.

தவிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் குச்சி பிடித்து வாசிப்பார்கள். அந்த விரல்கூடு தோலில் விழும் ஓசையை நேரில் கேட்டிருந்தால் ரெக்கார்டில் கேட்பது போதவே போதாது. முடிந்தால் கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி கேளுங்கள். கம்பீர நாட்டையில் வாசிப்பார்கள், சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, சுவாமி வெளியே வருகிறார் என்று ஊருக்கே தெரிவிக்கிற வாசிப்பு.


கிள்ளான்07 எழுதியது:

வணக்கம் அண்ணே. நான் மலேசியா, கிள்ளான். அந்த அக்கா மகன் சார்பாக நான் பேசுகிறேன்.

ராஜா ரசிகருக்கு ராப் அறிமுகம் செய்வது எங்களுக்கு ரொம்பச் சுலபம், ஏனென்றால் எங்கள் ஊர் ஆட்களே அந்த வேலையைச் செய்து வைத்துவிட்டார்கள். யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம், 2006. அதில் 'மடை திறந்து' இருக்கிறது. மூலப் பாட்டு 1980இல் 'நிழல்கள்' படத்தில் வந்தது, அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ராஜாவின் பாட்டைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள். அப்படிக் கேட்டால் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், பீட் எங்கே மாறுகிறது என்று உங்கள் காதுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே அந்த ஆல்பம் வந்தபோது எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தீராது. அதுவரை ராப் என்றால் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேண்டீனில் தமிழில் எழுத ஆரம்பித்தார்கள். நாங்கள் வீட்டில் ஒரு மாதிரி, வெளியில் ஒரு மாதிரி பேசி வளர்ந்தவர்கள், அந்தப் பேச்சு அப்படியே பாட்டில் வந்தது முதல் தடவை.

எங்கே காது வைப்பது என்று கேட்டீர்கள். மெட்டைத் தேடாதீர்கள் அண்ணே. ராப்பில் மெட்டு இருக்கலாம் இல்லாமல் போகலாம், அது வேலையே வேறு. சொல் பீட்டின் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். சரியாக அடியின் மேல் விழுகிறதா, கொஞ்சம் முந்துகிறதா, கொஞ்சம் பிந்துகிறதா. அதைத்தான் ஃப்ளோ என்கிறோம். அப்புறம் எதுகை, மோனை, இயைபு. பள்ளியில் யாப்புப் பாடத்தில் தூங்கிய பையன்கள்கூட ராப் எழுத உட்கார்ந்தால் வரிக்கு வரி எதுகை தேடுகிறான்கள்.

இன்னொன்று சொல்கிறேன், நம்ப மாட்டீர்கள். எனக்கு ஃப்ளோ என்றால் என்ன என்று தெளிவாகப் புரிந்தது திருப்புகழில்தான். 'முத்தைத்தரு பத்தித் திருநகை', டி.எம்.எஸ். பாடியது, 1964ஆம் வருடத்து 'அருணகிரிநாதர்' படத்தில். பாட்டாகக் கேட்காமல் ஒரு தடவை வாயால் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், மூச்சு எங்கே எடுப்பது என்று தெரியாது. அந்தச் சந்தத்தை இவ்வளவு நூற்றாண்டுக்கு முன்பு ஒருவர் எழுதியிருக்கிறார். இதைச் சொல்லிக் காட்டினால் அந்தப் பையனும் உங்கள் அரை மணி நேரத்தில் இயர்போனைக் கழற்றுவான்.


சாமா எழுதியது:

மேலே இரண்டு பேரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. எல்லோரும் சினிமாப் பாட்டை ஏணியாகப் போடுகிறீர்கள். கர்நாடக இசைக்கு ஆள் சேர்க்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்: ரீதிகௌளை ராகம் தெரியுமா, 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளைதான், 'கண்கள் இரண்டால்' ரீதிகௌளைதான், பாருங்கள் உங்களுக்கு ஏற்கெனவே கர்நாடக சங்கீதம் தெரியும் என்று. கேட்பவருக்கும் சந்தோஷம். ஆனால் அப்புறம் என்ன நடக்கிறது? கச்சேரிக்கு வருகிறார், பாடகர் ரீதிகௌளை ஆலாபனை ஆரம்பிக்கிறார், இவர் 'ஆ, சின்னக் கண்ணன்!' என்று கண்டுபிடிக்கிறார், அதோடு அவர் கேட்பது முடிந்துவிடுகிறது. அடுத்த இருபது நிமிடமும் அந்தப் பாட்டைத்தான் தேடிக்கொண்டிருப்பார். ராகம் எங்கே வளைகிறது, மேலே போகும்போது ஸ க ரி க ம நி த ம நி நி ஸ என்று ஏன் சுற்றிப் போகிறது, பாடுபவர் நிஷாதத்தில் வந்து எவ்வளவு நேரம் நிற்கிறார், இது எதுவும் காதில் விழாது. 1977இல் பாலமுரளி பாடிய அந்தப் பாட்டு எனக்கும் உயிர், சந்தேகமே வேண்டாம். ஆனால் அது அதற்காகவே கேட்க வேண்டிய பாட்டு, வேறொன்றுக்கு வாசல்படி இல்லை.

நான் சொல்லும் வழி நேர்வழி. நொய்யல், உங்களுக்குக் கைவேலை பழக்கம், எனவே கையிலிருந்து ஆரம்பியுங்கள். ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. யோசிக்காமல் கை தானாகப் போடும் வரை பழகுங்கள். அப்புறம் கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருவாரோ' கேளுங்கள், சாமா ராகம், ஆதி தாளம், நிதானமாகப் போகும், தமிழ் என்பதால் சொல்லும் புரியும். வரம் தருவாரோ மாட்டாரோ என்ற தவிப்புத்தான் பாட்டு முழுக்க. பல்லவியை ஒரு முறை பாடிவிட்டு விடமாட்டார்கள், அதே வரியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். அதே சொல், அதே எட்டு எண்ணிக்கை, ஆனால் உள்ளே போகிற வழி வேறு. அந்த வித்தியாசத்தில்தான் காது வைக்க வேண்டும். ஒருவர் பாடியதை நன்றாகக் கேட்டபின் இன்னொருவர் பாடியதைக் கேளுங்கள்.

கச்சேரிக்கே போவதானால் மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காபி குடிக்கப் போகாதீர்கள், தயவுசெய்து. மிருதங்கக்காரர் கடைசியில் கோர்வை என்று ஒரு கணக்கு வைப்பார், அது மூன்று தடவை வரும், மூன்றாவது முடிகிற இடமும் பாட்டு தொடங்க வேண்டிய இடமும் ஒன்றாக வந்து சேரும். கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் உடம்பில் தெரியும். தாளம் போடாமல் கேட்கிறவருக்குப் பாதிதான் கிடைக்கிறது.

மொழி புரியவில்லை என்கிற குறையும் நியாயமானதுதான். தெலுங்கு கிருதிகளே மேடை முழுக்க இருந்த காலத்தில்தான் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார்கள். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று சீர்காழி மூவரின் பாட்டுகளே ஒரு வருடம் கேட்கப் போதும்.


நொய்யல் எழுதியது:

சாமா, நீங்கள் சொன்னது யோசிக்க வைக்கிறது, ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. எனக்கு ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக் யார் என்று தெரிந்ததே ராஜாவால்தான். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று, பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை எடுத்து அதன் மேல் நம் பக்கத்து வயலினை ஓட விட்டிருப்பார். அதைக் கேட்டுவிட்டு பாக்கின் மூலத்தைத் தேடிப் போனேன். ஒரே ஒரு வயலின், துணைக்கு எதுவும் இல்லை. முதலில் ராஜாவைத்தான் தேடினேன், உண்மைதான். கேட்கக் கேட்க ராஜா நினைவுக்கு வருவது நின்றுபோய் அந்தத் தனி வயலின் மட்டும் இருந்தது. எனவே ஏணி தப்பில்லை, ஏறினபின் அதிலேயே நின்றுகொண்டிருப்பதுதான் தப்பு என்று நினைக்கிறேன்.

ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். வீச்சில்தான் தடுமாறுகிறது.

கானா பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. அந்தத் தம்பி முறை வரும்போதுதான் இங்கே சிலர் சிரிக்கிறார்கள், அவன் முகம் மாறுவதைப் பார்க்கிறேன்.


பேசின்பிரிட்ஜ் எழுதியது:

சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால்தான் எழுத வந்தேன்.

கர்நாடகம் பிடிக்காதவர் 'எனக்குப் புரியவில்லை' என்பார். கானா பிடிக்காதவர் 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்பார். இரண்டும் ஒன்றில்லை. முன்னதில் தன்னைக் குறைத்துக்கொள்கிறார், பின்னதில் பாடுகிறவனைக் குறைக்கிறார். எங்கள் பகுதியில் பிறந்த பாட்டை, எங்கள் ஆட்கள் பாடுகிற பாட்டை இப்படித்தான் எப்போதும் பேசியிருக்கிறார்கள். இதை வெறும் ரசனை வேறுபாடு என்று சொல்லிவிட்டு நான் கடந்துபோக மாட்டேன்.

கானா எங்கே பாடுகிறார்கள் என்று தெரியுமா? சாவு வீட்டில். வடசென்னையில் ஒருவர் இறந்தால் இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும், பந்தல் போட்டிருக்கும், சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாடுகிறவர் வந்து உட்கார்ந்ததும் முதலில் விசாரிப்பார்: பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை, பேரன் பேத்தி பெயர் என்ன. பத்து நிமிடத்தில் அதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். ஹார்பரில் மூட்டை தூக்கிய ஒருவரைப் பற்றி, அவர் பெயர் சொல்லி, அவர் வீட்டம்மாவின் பெயர் சொல்லி, அவருக்கென்று அந்த ராத்திரி ஒரு பாட்டு. அடுத்த நாள் அது இருக்காது. ஃப்ரேமுக்குள் மாலை போட்ட போட்டோ, அதற்கு எதிரில் டோலக், ஒருவர் சட்டியிலோ மேசையிலோ தாளம். அழுதுகொண்டிருந்த அம்மா ஒரு வரியில் சிரித்துவிடுவார், அடுத்த வரியில் முன்னைவிட அதிகமாக அழுவார். சினிமாவில் வருகிற கானாவைப் பார்த்துவிட்டு இது குத்துப் பாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரவு தெரியாது.

எங்கே காது வைப்பது என்றால், குரலில். இழுத்துப் பாடும் தொடக்கத்தில் தாளம் இருக்காது, தொண்டையிலிருந்து நேராக வரும், அதை மெருகேற்ற மாட்டார்கள். மெருகு இல்லாததுதான் அதன் அழகு. அப்புறம் தாளம் விழுகிற அந்த இடம். கதை சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று தாளத்தில் விழும், அந்தத் திருப்பத்தைக் கேளுங்கள். அந்தத் தம்பியிடம் நீங்களே கேளுங்களேன், அவனுக்குப் பிடித்த பாடகர் யார், எந்த ஏரியாக்காரர் என்று. நான் இங்கே பெயர் சொல்வதைவிட அவன் சொல்வது நல்லது.

ஒலிப்பதிவாக வேண்டுமென்றால் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவைக் கேளுங்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி, 19 பேர் மேடையில், கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக. இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி மேடையில் மைக் வைத்துப் பாடினார்கள்.

பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலக்கையில் குட்டையாக அடிக்குச்சி, இடக்கையில் நீளமாக, மெல்லிசாகச் சிம்புக்குச்சி. வாசிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள், ஈரம் போனால்தான் தோல் முறுகி ஓசை தெறிக்கும். சிம்புக்குச்சியின் ஓசையை மட்டும் தனியே பிடித்துக் கேட்டுப் பாருங்கள், அடிக்குச்சி சொல்வதற்கெல்லாம் அது இடையில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். சாமிச்சாட்டு அடி வேறு, மாரடிப்பு அடி வேறு, கேட்டவுடன் ஊருக்குத் தெரியும் என்ன நடக்கிறது என்று. பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்தக் குச்சியைப் பிடித்த எத்தனையோ பேரை வீதியிலேயே நிறுத்தி வைத்திருந்த ஊர்கள் இவை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.


குளிர்தேசம் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோவில் இருக்கிறன். தெற்குவீதி எழுதியதைப் படித்தவுடன் ஒரு விஷயம் சொல்லவேணும் போல இருந்தது. எனக்கு ஜாஸ் கேட்கிற பழக்கம் வந்ததே நாதஸ்வரத்தால்தான். ஊரில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய தவில் சமா நடக்கும், தவில் வாசித்த தட்சிணாமூர்த்தியின்ர பெயரைச் சொல்லாமல் எங்கட ஆட்கள் தவிலைப் பற்றிக் கதைக்கவே மாட்டினம். இங்கே வந்தபிறகு ஒரு நாள் ஜான் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' கேட்டன், 1961இல் வந்தது, பதினான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய. சோப்ரானோ சாக்ஸஃபோன் வாசிக்கிறார். எனக்கு முதலில் அது நாதஸ்வரம் என்றே பட்டது. கீழே பியானோ திரும்பத் திரும்ப ஒரே இரண்டு சுரக்கூட்டை (கார்ட்) வாசித்துக்கொண்டிருக்கும், ஒத்து செய்கிற வேலையை அது செய்கிறது. மேலே இவர் விலகிப் போய்ப் போய்த் திரும்பி வருவார். மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு கேளுங்கோ. கோல்ட்ரேன் எங்கட பக்கத்து இசையை விரும்பிக் கேட்டவர், மகனுக்கு ரவி என்று பெயர் வைத்ததே ரவிசங்கரை நினைத்துத்தான்.

சாமா சொல்வதில் எனக்கும் ஒரு பங்கு உடன்பாடு. நாதஸ்வரம் மாதிரி இருக்கு என்று கேட்கத் தொடங்கலாம், ஆனால் அதில் வாசிக்கிற எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸைத் தவிலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் என்ன செய்கிறார் என்று தெரியாமலே போய்விடும்.


சோன்பூர் எழுதியது:

பணி நிமித்தம் சில ஆண்டுகள் பீகாரில் இருந்தவன். போஜ்புரி என்றால் எல்லோருக்கும் யூடியூபில் வருகிற ஆட்டப் பாட்டுதான் தெரிகிறது. உங்கள் பீகார் தம்பிகளிடம் சாரதா சின்ஹா பாட்டுப் போடச் சொல்லிப் பாருங்கள். 2024 நவம்பரில், சட் பூஜை நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே காலமானார். அவர் பாடிய சட் பாட்டுகள் இல்லாமல் அங்கே அந்தப் பண்டிகை இல்லை. 'கேல்வா கே பாத் பர்' கேளுங்கள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மறையும் சூரியனுக்கு அர்க்கியம், மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கு. பெண்கள் கூட்டமாகப் பாடுவார்கள், ஒரே மெட்டுச் சுற்றிச் சுற்றி வரும், உச்சத்துக்குப் போகவே போகாது. உச்சம் வரும் என்று எதிர்பார்க்காமல் அந்தச் சுற்றலோடு போங்கள். வேலை காரணமாக ஊருக்குப் போக முடியாத தம்பிகள் அந்த நாளில் இந்தப் பாட்டை எப்படிக் கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் ஊரில் பிக்காரி டாக்கூர் என்று ஒரு நாடகக் கலைஞர், 1887 முதல் 1971 வரை வாழ்ந்தவர். 'பிதேசியா' அவருடைய நாடகம். பிழைப்புக்காகக் கல்கத்தா போன கணவன், ஊரில் காத்திருக்கும் மனைவி. அப்போது கல்கத்தா, இப்போது கோவை, திருப்பூர்.


மேற்குக்காற்று எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் ரசித்தே ஆக வேண்டுமா? எனக்கு ஹெவி மெட்டல்தான், மற்றவை எதுவும் ஒட்டவில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. மற்றவர் முறை வரும்போது சிரிக்காமல், இயர்போன் மாட்டாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். பிடிக்கிறது என்று நடிப்பது அவர்களுக்கும் மரியாதை இல்லை. ஆனால் பேசின்பிரிட்ஜ் எழுதிய அந்தச் சாவு வீட்டுப் பத்தியைப் படித்தபின் கானா பற்றி நான் இதுவரை பேசிய மாதிரி இனிப் பேச மாட்டேன்.


நொய்யல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்று ஷிஃப்டில் தம்பியிடம் பேசின்பிரிட்ஜ் சொன்ன மாதிரியே கேட்டேன். அவன் பதில் சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை, அவனுடைய சித்தப்பாவே பாடுகிறவராம், இத்தனை மாதத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது. போனில் சித்தப்பா பாடிய பதிவு ஒன்று இருந்தது, போட்டான். அந்த இழுப்பு முடிந்து தாளம் விழுகிற இடம் வந்ததும் அவனே கையைத் தூக்கி 'இங்கே, இங்கே' என்றான். பீகார் தம்பிகள் சாரதா சின்ஹா பெயரைக் கேட்டதும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள், இந்த ஊர்க்காரருக்கு அவரை எப்படித் தெரியும் என்று.

முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். பாட்டுப் போடுகிறவர் முதலில் ஒரு வரி சொல்ல வேண்டும், இதில் எதைக் கேட்க வேண்டும் என்று. ராப் பையனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, பாட்டை விட அவன் விளக்கம் நீளமாக இருக்கிறது. மேற்குக்காற்று சொன்னதையும் சேர்த்துக்கொண்டோம், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், ஏன் என்றும் சொல்ல வேண்டும். ஃபோர்மேன் அண்ணன் கோல்ட்ரேனைக் கேட்டுவிட்டு, வாசிப்பு சரி, ஆனால் சுரத்தை அசைக்கிற கமகம் எங்கே என்றார்.

தெற்குவீதி ஐயா, அண்ணனும் நானும் மல்லாரியை நேரில் கேட்க வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எந்த ஊர், எந்த நாள் நல்லது?


தெற்குவீதி எழுதியது:

சிதம்பரம் வாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை தேர், ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒன்று, மார்கழித் திருவாதிரைக்கு ஒன்று. தரிசனத்துக்கு முதல் நாள்தான் தேர், பலர் தரிசனத்தன்று மட்டும் வந்து தேரைத் தவற விடுகிறார்கள், அதனால் ஒரு நாள் முன்னதாகவே ரயிலுக்கு டிக்கெட் எடுங்கள். மார்கழியில் அறை கிடைப்பது சிரமம், கூட்டமும் நெருக்கும், முதல் தடவை என்றால் ஆனியே வசதி. தேரன்று விடிவதற்கு முன் சுவாமி வெளியே வரும் நேரத்துக்குக் கீழவீதியில் இருங்கள். நாகஸ்வரக்காரர்களுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்காதீர்கள், நான் முன்பு சொன்ன அந்த இருபது முப்பது அடி தூரம் நினைவிருக்கட்டும். அண்ணனை ஒத்துக்குப் பக்கமாக நிற்கச் சொல்லுங்கள், இப்போது பல இடங்களில் ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டிதான் வைக்கிறார்கள், எங்கே ஒத்து ஊதுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார்.